தேய்கிறதா, கரைகிறதா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

மூட்டு வலி குறித்துத் தென்காசி மாவட்டத்திலிருந்தும், மலைக்கு அப்பால் கொல்லம் மாவட்டத்தின் தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. மற்றக் கடிதங்களுக்கும் அதுவே அடிப்படை என்பதால், அதைப் படித்த பிறகு மற்றவற்றைப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மா அவர்களுக்கு வணக்கம். குளத்துப்புழைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பால் வெட்டும் வேலை செய்கிறேன். வயது 46. நான்கு ஆண்டுகளுக்கு முன் முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுத்தபோது, மேடு பள்ளம் ஏறி இறங்கியதால் வந்த தேய்மானம் என்றார்கள். சென்ற ஆண்டிலிருந்து இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்குகின்றன. விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கத்தியைப் பிடிக்க முடிவதில்லை. இப்போது வேறொரு மருத்துவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "இது ஆமவாதம், அழற்சிப் புரதங்கள் குருத்தெலும்பைத் தின்கின்றன" என்கிறார். என் உடம்பில் ஊறும் புரதமே என் மூட்டைத் தின்னுமா? என் மூட்டு தேய்ந்ததா, தின்னப்பட்டதா?
– வாசகி, குளத்துப்புழை

பதில்: அம்மா, மலைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டையிலும் அந்தப் பக்கம் புனலூரிலும் மூட்டு நோய்க்கு வழங்கும் சொல் ஒன்றே. தமிழிலும் தேய்மானம், மலையாளத்திலும் தேய்மானம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் செருப்பின் அடியும் அம்மிக்கல்லும்தான் நினைவுக்கு வருகின்றன. உழைத்தால் தேயும், தேய்ந்தது தேய்ந்ததுதான், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு நோயாளி வந்துவிடுகிறார். சில வேளைகளில் மருத்துவரும் வந்துவிடுகிறார். உண்மையில் குருத்தெலும்பு உரசிக் குறைவதைக் காட்டிலும் கரைக்கப்பட்டுக் குறைவதே மிகுதி. கரைக்கும் நொதிகளில் பெரும்பகுதியைச் சுரப்பவை அந்தக் குருத்தெலும்புக்குள்ளேயே குடியிருக்கும் உயிரணுக்கள். அப்படிச் சுரக்கும்படி அவற்றுக்குச் செய்தி கொண்டுவருபவைதான் உங்கள் மருத்துவர் குறிப்பிட்ட அழற்சிப் புரதங்கள். ஆகவே அவை தின்கின்றன என்பதைவிட, தின்னச் சொல்கின்றன என்பதே சரி.

முதலில் குருத்தெலும்பின் கட்டுமானத்தைப் பார்ப்போம். முழங்காலில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் இந்தப் படலத்தின் கனம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர். அதில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால்தான் அது அழியத் தொடங்கும்போது வலிப்பதில்லை, அழிந்தால் எளிதில் ஆறுவதும் இல்லை. எடையில் நூற்றுக்கு 65 முதல் 80 பங்கு நீர். மீதியில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தால் ஆன வலை. மற்றொன்று, அந்த வலைக்குள் அடைபட்டிருக்கும் அக்ரிகன் என்னும் பெரிய மூலக்கூறு. நீரில் போட்ட சப்ஜா விதை எப்படி ஊறிப் பருக்கிறதோ, அப்படியே அக்ரிகனும் நீரை இழுத்துப் பருக்க முயல்கிறது. வலை அதை முழுவதுமாகப் பருக்க விடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. இந்த இழுபறியால் உண்டாகும் விறைப்புத்தான் நீங்கள் தோட்டத்தில் பால் வாளியோடு இறங்கும்போது உங்கள் எடையைத் தாங்குகிறது. இவற்றுக்கிடையே, பருமனில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் மேற்படாத அளவில், குருத்தணுக்கள் என்னும் உயிரணுக்கள் தனித்தனியாகப் புதைந்து கிடக்கின்றன. வலையை நெய்வதும் அக்ரிகனைப் புதுப்பிப்பதும் அவற்றின் வேலை.

கொலாஜனைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ள ஒரு செய்தி உண்டு. எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் ஆய்வு செய்த கோபிநாத் கர்த்தாவும்தான், கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட முப்புரிக் கயிறு போன்றது என்று 1954-இல் முதலில் காட்டியவர்கள். அந்த முப்புரி முறுக்கினால் சாதாரணச் செரிமான நொதிகள் அதை வெட்ட முடிவதில்லை. முதிர்ந்த மனிதரின் குருத்தெலும்பில் உள்ள கொலாஜனில் பாதி மாற நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது, இளமையில் நெய்த வலையைத்தான் நாம் சாகும் வரை உடுத்திக்கொண்டிருக்கிறோம்.

அத்தகைய கயிற்றை வெட்டும் நொதி ஒன்று விலங்குகளின் உடலில் உண்டு என்பதை 1962-இல் ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லப்பியேர் என்னும் இருவர் கண்டறிந்தார்கள். அவர்கள் அதைத் தேடிப் போன இடம் தலைப்பிரட்டையின் வால். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் அறுந்து விழுவதில்லை, உள்ளிருந்தே கரைந்து மறைகிறது. அப்படியானால் கரைப்பதற்கு ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று எண்ணித் தேடினார்கள். வாலின் திசுவைக் கொலாஜன் கூழ்மீது வைத்தபோது, திசுவைச் சுற்றிக் கூழ் கரைந்தது. பின்னர் மனித உடலிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் பல கண்டுபிடிக்கப்பட்டன. துத்தநாகத்தின் துணையோடு வேலை செய்யும் அவற்றுள் எம்.எம்.பி.-13 என்பதுதான் மூட்டுக் கொலாஜனை வெட்டுவதில் முதன்மையானது. முப்புரியின் நீளத்தில் முக்கால் பங்கு தொலைவில் ஓரிடத்தில் அது ஒரு வெட்டு போடுகிறது. அதற்குப் பிறகு உடல் வெப்பத்திலேயே அந்த இழைகள் பிரிந்து அவிழ்ந்துவிடுகின்றன. அக்ரிகனை வெட்டுவதற்கு வேறு நொதிகள் உண்டு. அவற்றுள் ஏ.டி.ஏ.எம்.டி.எஸ்.-5 என்பதற்கான மரபணுவை நீக்கிய எலிகளுக்கு மூட்டைச் சேதப்படுத்தினாலும் குருத்தெலும்பு அவ்வளவாக அழியவில்லை என்று 2005-இல் காட்டப்பட்டது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இந்த நொதிகளைக் கட்டவிழ்த்து விடுபவர் யார்? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஹானர் ஃபெல் என்ற அறிவியலாளர் 1977-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. அப்போது அவருக்கு எழுபத்தேழு வயது. ஓய்வு என்ற சொல்லுக்கே அவர் மதிப்புக் கொடுக்கவில்லை என்று தெரிகிறது. பன்றியின் மூட்டிலிருந்து எடுத்த குருத்தெலும்புத் துண்டையும், மூட்டின் உள்ளுறையாகிய மூட்டுச் சவ்வின் துண்டையும் ஒரே கிண்ணத்தில், ஒன்றையொன்று தொடாமல் வளர்த்தார். தொடாமல் இருந்தும் குருத்தெலும்பு கரைந்தது. அடுத்து, உயிரணுக்கள் கொல்லப்பட்ட செத்த குருத்தெலும்பை அதே தொலைவில் வைத்தார். அது கரையவில்லை, சவ்வு நேராகத் தொட்டபோதுதான் கரைந்தது. இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். தொலைவிலிருந்து சவ்வு அனுப்பியது கரைக்கும் நொதி என்றால், செத்த குருத்தெலும்பும் கரைந்திருக்க வேண்டும். உயிருள்ளது மட்டும் கரைந்ததால், சவ்வு அனுப்பியது ஒரு செய்தி; அந்தச் செய்தியைக் கேட்ட குருத்தணு தன் வீட்டைத் தானே இடித்துக்கொண்டது.

அந்தச் செய்திப் புரதத்துக்கு முதலில் கேட்டபோலின் என்று பெயரிட்டார்கள். அதைத் தூய்மைப்படுத்திப் பார்த்தபோது, காய்ச்சலை உண்டாக்கும் புரதமாக ஏற்கெனவே அறியப்பட்டிருந்த இன்டர்லூக்கின்-1தான் இது என்பது ஜெரமி சக்லத்வாலாவும் அவர் குழுவினரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாயிற்று. அடுத்த ஆண்டே, டி.என்.எஃப். என்ற இன்னொரு புரதமும் குருத்தெலும்பை அரிக்கத் தூண்டுவதோடு புதிய அக்ரிகன் உருவாவதையும் தடுக்கிறது என்று சக்லத்வாலா காட்டினார். இடிக்கச் சொல்வதும் இந்தப் புரதங்களே, கட்டும் வேலையை நிறுத்தச் சொல்வதும் இவையே. இவற்றையும் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-17 போன்றவற்றையும் சேர்த்துத்தான் சைட்டோகைன்கள் என்கிறோம். நோய்க்கிருமி நுழைந்தாலோ காயம் பட்டாலோ உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று தண்டோரா போடுவதற்காக அமைந்தவை இவை. அவை இல்லாவிட்டால் ஒரு சிறு புண்ணும் ஆறாது.

உங்களுக்கு வந்திருக்கும் ஆமவாதம், தமிழில் முடக்குவாதம் என்று சொல்லப்படுவது, இந்தத் தண்டோரா ஓயாமல் ஒலிக்கும் நோய். உடலின் காவல் அணுக்கள் தன் உடலையே பகையாகக் கருதி மூட்டுச் சவ்வுக்குள் குடியேறுகின்றன. சவ்வு தடித்து, பாசி படர்வதுபோலக் குருத்தெலும்பின் மேல் படர்கிறது. அங்கே சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 ஆகியவை குருத்தணுவின் மேலுள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ள, உட்கருவில் நொதிகளுக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. முதலில் அக்ரிகன் போகிறது, பிறகு கொலாஜன் வலை அறுகிறது. அறுந்த துண்டுகள் மூட்டு நீரில் மிதந்து, சவ்வை மறுபடியும் சீண்டி, மேலும் சைட்டோகைன்களைச் சுரக்கச் செய்கின்றன. இதே செய்திகள் எலும்பை அரிக்கும் அணுக்களையும் ஏவிவிடுவதால், குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பிலும் குழி விழுகிறது.

இவற்றில் எது மீளும், எது மீளாது என்பதுதான் மருத்துவத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1956-இல் லூயிஸ் தாமஸ் என்ற மருத்துவர் பப்பாளிப் பாலில் உள்ள பப்பாயின் நொதியை முயலின் இரத்தத்தில் செலுத்தினார். விறைத்து நின்ற காதுகள் வாடிய வெற்றிலைபோலத் தொங்கின; சில நாட்களில் மறுபடியும் நிமிர்ந்தன. குருத்தெலும்பின் நிரப்புப் பொருள் கரைந்து போனாலும், வலையும் அணுவும் பிழைத்திருந்ததால் அது மீண்டும் சுரந்தது. நம் மூட்டிலும் அக்ரிகன் இழப்பு மட்டும் நிகழ்ந்திருக்கும் காலம் வரை மீட்சிக்கு வழி உண்டு; வலை அறுந்த பிறகு அதை அப்படியே நெய்து தரும் மருந்து இன்றுவரை இல்லை. முடக்குவாதத்துக்கு மருந்தை முதல் சில மாதங்களுக்குள்ளேயே தொடங்க வேண்டும் என்று நாங்கள் அவசரப்படுத்துவது இதனால்தான். உங்களுக்கு ஓராண்டு கடந்திருக்கிறது. இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

விடியற்காலை விறைப்பைக் குறிப்பிட்டிருந்தீர்கள். முடக்குவாதம் உள்ளவர்களின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 பின்னிரவில் ஏறத் தொடங்கி விடியற்காலையில் உச்சத்தை அடைகிறது. ஊர் உறங்கும்போது மரத்தில் கத்தி வைக்க வேண்டிய தொழில் உங்களுடையது. பால் நன்றாக இறங்கும் நேரமும் அதுதான், உங்கள் உடம்பில் இந்தப் புரதம் நிறையும் நேரமும் அதுதான். ஆகையால் மேற்பார்வையாளர் கேட்டால், பகலில் நன்றாக இருக்கும் கை விடியற்காலையில் மட்டும் மடங்காமல் போவது சோம்பல் இல்லை, நோயின் இயல்பு என்று தயங்காமல் சொல்லுங்கள். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விலகினால் பெரும்பாலும் தேய்மானம் எனப்படும் முதுமை மூட்டழற்சி. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதத்தை நினைக்க வேண்டும். உங்கள் முழங்காலில் முன்னரே இருந்தது முதல் வகையாக இருக்கலாம், விரல்களில் வந்திருப்பது இரண்டாம் வகை; ஒருவருக்கே இரண்டும் இருப்பது அரிதன்று.

முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதித் தந்தால், அதை வாரத்துக்கு ஒரே நாள் மட்டும் விழுங்க வேண்டும் என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். நாள்தோறும் விழுங்கி உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொண்டவர்கள் உண்டு.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான், வயது 68. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். முடக்குவாதக்காரர்களுக்குச் சைட்டோகைனைத் தடுக்கும் ஊசி வந்திருக்கிறது என்று படித்தேன். என் மூட்டிலும் அதே புரதங்கள்தான் வேலை செய்கின்றன என்றால், அந்த ஊசியை எனக்கும் போடலாமே? உடற்பயிற்சி செய்யுங்கள், எடையைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது ஏன்?
– வாசகர், செங்கோட்டை

பதில்: ஐயா, நியாயமான கேள்வி. மருந்து நிறுவனங்களும் இதே கேள்வியைக் கேட்டுப் பெரும் பணத்தைச் செலவழித்து ஏமாந்தன.

முடக்குவாதத்தில் இந்த வழி எப்படித் திறந்தது என்பதை முதலில் சொல்கிறேன். லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனி ஆகிய இருவரும், நோயாளிகளின் மூட்டுச் சவ்வு அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, டி.என்.எஃப். புரதத்தை மட்டும் தடுத்தால் இன்டர்லூக்கின்-1-உம் அடங்குகிறது என்று 1989-இல் காட்டினார்கள். பல புரதங்கள் கூச்சலிடும் இடத்தில் ஒன்றின் வாயை மூடினால் மற்றவையும் அடங்கும் என்பதை அதுவரை பெரும்பாலோர் நம்பவில்லை. 1992-இல் முதல் நோயாளிகளுக்கு அந்தத் தடுப்பு மருந்து செலுத்தப்பட்டது. படுக்கையில் இருந்தவர்கள் சில வாரங்களில் படியேறினார்கள். இந்தியாவிலும் 2014 டிசம்பரில் டி.என்.எஃப். புரதத்தைத் தடுக்கும் அடலிமுமாப் மருந்தின் ஒத்த வடிவம் உலகிலேயே முதன்முதலாக விற்பனைக்கு வந்த பிறகு விலை ஓரளவு இறங்கியது.

உங்கள் முழங்காலில் நிலை வேறு. அங்கே தொடக்கம் பெரும்பாலும் சுமையிலும் பழைய காயத்திலும் வயதிலும் இருக்கிறது. குருத்தணுவே அழுத்தத்தை உணர்ந்து நொதிகளைச் சுரக்கிறது. சவ்வின் அழற்சி அதற்குத் துணை போகிறது. தண்டோரா இங்கேயும் உண்டு, ஆனால் அது தாழ்ந்த குரல், பல வாய்களிலிருந்து வருவது. இன்டர்லூக்கின்-1-ஐத் தடுக்கும் அனகின்ரா மருந்தை முழங்காலுக்குள் ஒரு முறை செலுத்திப் பார்த்த ஆய்வில், நான்கு வாரங்களுக்குப் பிறகு வெற்று ஊசியைவிட மேலான பயன் எதுவும் தெரியவில்லை என்று 2009-இல் அறிவித்தார்கள். கைவிரல் தேய்மானத்துக்கு டி.என்.எஃப். தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்ததும் வீணாயிற்று. மாரடைப்பு வந்த 10,061 பேருக்கு இதயப் பாதுகாப்புக்காக நடந்த ஒரு பெரிய ஆய்வில், இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் ஊசி பெற்றவர்களுக்கு முழங்கால், இடுப்பு மூட்டு மாற்று அறுவை மற்றவர்களைவிடக் குறைவாகவே தேவைப்பட்டது என்று பின்னர்க் கணக்கிட்டுச் சொன்னது மட்டுமே நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் அது மூட்டுக்காகத் திட்டமிட்ட ஆய்வு அன்று. தொற்று நோய்களால் நேரும் இறப்பு அந்த ஊசியால் சற்றுக் கூடியதும் அதே ஆய்வில்தான் தெரியவந்தது. இந்த நிலையில் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

எடையையும் பயிற்சியையும் பற்றிச் சற்று எரிச்சலோடு எழுதியிருந்தீர்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. அதோடு, கொழுப்புத் திசு சும்மா படிந்து கிடப்பதும் இல்லை. அது இன்டர்லூக்கின்-6-ஐயும் லெப்டின் என்ற இயக்குநீரையும் சுரக்கிறது. உடல் பருத்தவர்களுக்கு, எடையைத் தாங்காத கைவிரல்களிலும் தேய்மானம் கூடுதலாக வருவதற்கு இது ஒரு காரணம். முழங்கால் தேய்மானம் உள்ள 454 பேரிடம் பதினெட்டு மாதங்கள் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், உணவைக் குறைத்தவர்களுக்கு இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 அளவே இறங்கியது. உணவுக் கட்டுப்பாட்டோடு பயிற்சியும் செய்தவர்களுக்கு வலி மிகவும் குறைந்தது. இரத்தக் குழாய் இல்லாத குருத்தெலும்பு, அழுத்தி விடும்போது பஞ்சு நீரைக் குடிப்பதுபோல, மூட்டு நீரிலிருந்துதான் உணவு பெறுகிறது. அளவான அசைவு கிடைத்தால் இன்டர்லூக்கின்-1-இன் ஏவலுக்குக் குருத்தணு அவ்வளவாகச் செவி சாய்ப்பதில்லை என்றும் ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. தொடையின் முன்தசையை வலுவாக்கும் பயிற்சியை ஓர் இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்தபடியே தொடங்குங்கள். குற்றாலம் வரை நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கேள்வி: 2007-ஆம் ஆண்டு சிக்குன்குனியாக் காய்ச்சல் எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் வந்தது. மற்ற நால்வரும் தேறிவிட்டார்கள். எனக்கு மட்டும் கணுக்காலும் மணிக்கட்டும் இன்றுவரை விட்டு விட்டு வலித்து வீங்குகின்றன. அந்தக் கிருமி இன்னும் உள்ளே இருந்துகொண்டு மூட்டைத் தின்கிறதா?
– வாசகர், ஆரியங்காவு

பதில்: அந்த மழைக்காலம் எங்கள் நினைவை விட்டு அகலாது. ரப்பர் மரங்களில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகளில் மழைநீர் தேங்கி, பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு அவற்றில் பெருகியதுதான் கேரளத்தின் தோட்டப் பகுதிகளில் நோய் அவ்வளவு வேகமாகப் பரவியதற்குப் பெரிய காரணம். ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழியில் சிக்குன்குனியா என்றால் வளைந்து முடங்குதல் என்று பொருள். வரிசையில் நின்ற நோயாளிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையிருக்கவில்லை.

கிருமி சில நாட்களில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. ஆனால் மூட்டுச் சவ்வில் அது கிளப்பிவிட்ட அழற்சி சிலருக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அவ்வாறு வலி நீடித்தவர்களிடம் இன்டர்லூக்கின்-6 உயர்ந்திருந்ததைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டின. ஆயினும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வீக்கம் வந்து போகிறது என்றால், எல்லாவற்றையும் அந்தக் காய்ச்சலின் தலையில் கட்டிவிடுவது சரியாகாது. காய்ச்சலை ஒட்டியோ அதற்குப் பின்னரோ முடக்குவாதம் தனியாகத் தொடங்கியிருக்கலாம். வீங்கியிருக்கும் நாளில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., வாதக் காரணி, சி.சி.பி. எதிர்ப்பொருள் ஆகியவற்றைச் சோதித்து, கை கால் எக்ஸ்ரேயும் எடுத்துக்கொண்டு மூட்டு நோய் மருத்துவரைப் பாருங்கள். இவற்றில் சி.ஆர்.பி. என்பது இன்டர்லூக்கின்-6-இன் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் புரதம்; அது உயர்ந்திருந்தால் உடலில் தண்டோரா ஒலித்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். வீக்கம் இல்லாத நாளில் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம்.

கேள்வி: பீடி சுற்றும் தொழில் செய்கிறேன். விரல் மூட்டு வலித்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறேன், வலி நின்றுவிடுகிறது. சந்தையில் வாங்கிய ஒரு பொடி இன்னும் நன்றாகக் கேட்கிறது. வலி நின்றால் மூட்டும் காப்பாற்றப்பட்டது என்றுதானே பொருள்? வீட்டில் ஆட்டுக்கால் சூப்பும் முடக்கறுத்தான் தோசையும் மஞ்சள் பாலும் தருகிறார்கள். அவற்றால் குருத்தெலும்பு வளருமா?
– வாசகி, கடையநல்லூர்

பதில்: அப்படிப் பொருள் இல்லை, அம்மா. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் தடுப்பது புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளை. அது இன்டர்லூக்கின்-1 போன்றவற்றின் ஏவலால் உண்டாகி வலியையும் வீக்கத்தையும் தருவது. உத்தரவு போட்டவரை விட்டுவிட்டுச் சேவகனை மட்டும் கட்டிப்போடுவதைப் போன்றது இது. சேவகன் அடங்கியதால் வலி நிற்கிறது, உத்தரவின்படி நொதிகள் அறுத்துக்கொண்டே இருக்கின்றன. முடக்குவாதம் உள்ளவர்கள் இந்த மாத்திரைகளை மட்டும் நம்பி இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டு, விரல்கள் கோணிய பிறகு வருவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் இந்த மாத்திரைகள் கெடுப்பது தனிக் கணக்கு.

அந்தப் பொடியைப் பற்றி எனக்கு ஐயம் இருக்கிறது. பெயரும் உட்பொருளும் அச்சிடாமல் விற்கப்படும் இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. ஸ்டீராய்டு உண்மையிலேயே சைட்டோகைன் சுரப்பதை அடக்கும்; அதனால்தான் நன்றாகக் கேட்கிறது. தக்க அளவில், தக்க காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் நாங்களும் அதைத் தருகிறோம். அளவு தெரியாமல் மாதக்கணக்கில் உண்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், முகம் ஊதும். மேலே முயல் காதுகளைப் பற்றி எழுதினேன். அதே சோதனையில், கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட முயல்களுக்குத் தொங்கிய காது நிமிரவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்தப் பொடியைப் பல மாதங்களாக உண்டுவருகிறீர்கள் என்றால் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஆட்டுக்காலில் கொலாஜன் இருப்பது உண்மை. வெந்து குடலுக்குள் போன பிறகு அது மற்றப் புரதங்களைப் போலவே சிறு துண்டுகளாக உடைகிறது; நேராக உங்கள் விரலுக்குப் போய் வலையாக ஒட்டிக்கொள்ளாது. மஞ்சளில் உள்ள குர்குமின், அழற்சி மரபணுக்களை விழிக்கச் செய்யும் ஒரு விசையை ஆய்வகக் கிண்ணத்தில் அடக்குகிறது, ஆனால் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே போய்ச் சேருகிறது. முடக்கறுத்தான் தோசை நல்ல உணவு, எனக்கும் பிடிக்கும். மூன்றையும் உண்ணுங்கள், மருந்துக்குப் பதிலாக உண்ணாதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு முடக்குவாதத்துக்காக டி.என்.எஃப். தடுப்பு ஊசி போட வேண்டும் என்கிறார்கள். ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அவளுக்கு இருமலே இல்லை. மூட்டு வலிக்கும் காசநோய்க்கும் என்ன தொடர்பு?
– வாசகர், புளியரை

பதில்: நம் நாட்டில் பலருடைய உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றிக் காவல் அணுக்கள் கட்டியிருக்கும் சுவரை உடையாமல் காப்பதில் டி.என்.எஃப். புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குருத்தெலும்பை இடிக்கச் சொல்லும் அதே புரதம்தான் நுரையீரலில் அந்தச் சுவருக்குக் காவல் நிற்கிறது. மூட்டுக்காக அதைத் தடுத்தால் சுவரும் தளரும். இன்ஃப்ளிக்சிமாப் என்ற டி.என்.எஃப். தடுப்பு ஊசி போட்டுக்கொண்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் கிளம்பியது 2001-இல் வெளியான பிறகுதான் இந்தப் பரிசோதனை உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது.

தோல் பரிசோதனை அல்லது இரத்தப் பரிசோதனையோடு மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். உறங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் அதற்கான தடுப்பு மாத்திரைகளைத் தொடங்கி, வழக்கமாக ஒரு மாதம் போல் கழித்து ஊசியை ஆரம்பிப்பார்கள். ஊசி தொடங்கிய பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் மாலைக் காய்ச்சலோ, எடைக் குறைவோ, இருமலோ இருந்தால், அடுத்த ஊசிக்கான நாள் வரும் வரை காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.